நியாயதுரந்தரர் ஜீ. ஜீ. பொன்னம்பலம்

வழக்குமன்றத்தில் நாவன்மையாற் புகழ்கொண்ட ஈழத்தவருள் முதல் வரிசையில் வைத்தெண்ணத்தக்கவர் கணபதிப்பிள்ளை காங்கேசர் பொன்னம்பலம். அவர் வடபுலத்தவர். எனினும், வாழைச்சேனைக் கடதாசி ஆலைக்கு வித்திட்டவராதலின், வாவிசூழ் மட்டக்களப்பு நாட்டினர்க்கும் உரியவரே.

1901 நவம்பர் 8ஆம் நாள் பிறந்த அவர் முதற்கண் பயின்றது சட்டமன்று, இயற்கை விஞ்ஞானம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அத்துறை கற்ற அவர், இலண்டனில் லிங்கன்ஸ் இன் சட்டக்கழகத்திற் பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். கொலை வழக்கிற் காயத்தின் ஆழம், நஞ்சின் செயல் ஆகியன பற்றிச் சான்று பகரும் நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்வதற்குச் சொல்வன்மை மட்டும் போதாது, பொருளறிவும் வேண்டும். இவ்விரண்டும் அவர்பால் ஒருங்கமைந்தன. குற்றவியல் வழக்குகளில் அவர் பெற்ற பெரும்புகழுக்கு இஃதொரு காரணமெனலாம்.

1934இல் பருத்தித்துறைத் தொகுதியின் பிரதிநிதியாய் அரசாங்க சபை புகுந்த அவர், 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசை நிறுவினார். சட்டசபையிற் சரிபாதி இடங்கள் சிறுபான்மையினர் அனைவர்க்கும் சேர வேண்டுமென 1945இல் சோல்பரி ஆணைக்குழுவின்முன் வாதாடினார். வாதம் திறம்பட நிகழ்ந்தது, கோரிக்கையோ ஏற்கப்படவில்லை. நீதிபதி சான்றைக் கொண்டு தீர்ப்பளிப்பார். அரசியலிற் பெரும்பான்மையோர் எண்ணிக்கையே தீர்ப்பாகிவிடும். பொன்னம்பலத்தின் அரசியல் வாழ்வு முழுவதும் இவ்வேறுபாட்டோடு பொருதியதேயாம்.

1948இல் அவர் கைத்தொழில் அமைச்சரானார். வயல்களின் வைக்கோலையே மூலப்பொருளாக்கிய வாழைச்சேனை ஆலை அக்காலத்து முயற்சியின் பயன். ஆயின், மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில் அவர் அரசாங்கத்தோடு நின்றமை கட்சியைப் பிளந்தது. சா. ஜே. வே. செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தார். தமக்கென வாக்குரிமையற்றுப் போன மக்களுக்கு வாதாடவேண்டிய வேளையில் அத்தகு நா அமைச்சரவையில் அமைந்திருந்ததே எனும் குறை அவரைப் போற்றுவோரும் மறைத்தற்கரியது.

அவரது இறுதிப் பெருவழக்கு 1976இல் வந்தது. குடியரசு தினத்தைப் பகிஷ்கரிக்கத் துண்டுப்பிரசுரம் வழங்கிய அமிர்தலிங்கம் முதலியோர் அவசரகால விதிகளின்கீழ், யூரரின்றி, மூன்று நீதிபதிகளின்முன் நிறுத்தப்பட்டனர். தமிழ்ச் சட்டத்தரணிகள் பலர் எதிரிகளுக்காகத் திரண்டனர். மு. திருச்செல்வம் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் செல்லுபடித்தன்மையை வினவ, பொன்னம்பலம் அவசரகால விதிகளை எதிர்த்து வாதாடினார். நெடுங்காலம் எதிரணியில் நின்ற செல்வநாயகமும் அவரும் ஒரே பக்கத்தில் அமர்ந்தமை அவ்வழக்கின் தனிச்சிறப்பு. எதிரிகள் ஈற்றில் விடுதலையாயினர்.

1977 ஏப்ரிலிற் செல்வநாயகமும், டிசம்பரிற் பொன்னம்பலமும் மறைந்தனர். கட்சிக்காரன் எவனாயினும் அவனுக்குரிய சட்டத்தை அஞ்சாது எடுத்துரைத்தலே நியாயதுரந்தரனின் அறம். பதவி அவ்வறத்தினின்றும் விலக்கியவிடத்துப் பொன்னம்பலம் குறைவுற்றார்; மன்று மீட்டளித்தவிடத்து நிறைவுற்றார். சட்டத்துறை நாடும் நம் மாணவர் இவ்விரண்டையும் ஒருங்கே கற்றல் வேண்டும்.