முயலாக வந்தவர்

1976 ஜூலையில் மாண்ட்ரியல் ஒலிம்பிக் தொடங்கியபோது, பெண்களுக்கான 3000 மீட்டர் உலக சாதனை நார்வேயின் கிரேட்டே வைட்ஸிடம் இருந்தது. ஆனால் ஒலிம்பிக்கில் அவர் ஓடியது 1500 மீட்டர். அரையிறுதியோடு வெளியேறினார். தனக்குக் கைவந்த தூரத்தை விட்டுவிட்டு அதில் பாதியை ஏன் ஓட வேண்டும்? வேறு வழியில்லை. ஒலிம்பிக்கில் பெண்கள் ஓடக்கூடிய அதிகபட்ச தூரமே அவ்வளவுதான். அதுவும் 1972இல்தான் சேர்க்கப்பட்டது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு வென்றார். ஆனால் பத்திரிகைகள் எழுதியது வேறு: ஓடி முடித்த பெண்கள் கொத்துக்கொத்தாக மயங்கி விழுந்தார்களாம், பார்க்கவே பரிதாபமாக இருந்ததாம். அந்தப் பந்தயத்தின் படச்சுருள் இன்றும் இருக்கிறது. அதில் அப்படி எதுவும் இல்லை. இருந்தும் 1960 வரை 200 மீட்டருக்கு மேல் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் ஓட்டமே கிடையாது. ஓடினால் கருப்பை கெட்டுவிடும் என்று சொல்வதற்கு மருத்துவர்களும் இருந்தார்கள். வயலிலும் கிணற்றடியிலும் பெண்கள் நாள் முழுக்கச் சுமந்த சுமையால் மட்டும் கருப்பைக்கு ஒன்றும் ஆகவில்லை போலும்!

வைட்ஸ் 1953இல் ஆஸ்லோவில் பிறந்தவர். பள்ளி ஆசிரியை. நார்வேயின் குளிரில், விடிவதற்கு முன் எழுந்து ஓடிவிட்டுப் பள்ளிக்கூடம் போவார். 1978இல் பிராகில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 3000 மீட்டரில் வெண்கலம்தான் கிடைத்தது. ஓட்டத்தை நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நியூயார்க் மராத்தானுக்கு அழைப்பு வந்தது. வெற்றி பெறுவதற்கான அழைப்பல்ல. போட்டி அமைப்பாளர் ஃப்ரெட் லெபோ அவரை ‘முயல்’ ஆக அழைத்திருந்தார். முயல் என்றால், முன்னால் வேகமாக ஓடி மற்றவர்களை இழுத்துச் சென்றுவிட்டுப் பாதியில் விலகிக்கொள்பவர்.

பயிற்சியில்கூட 20 கிலோமீட்டருக்கு மேல் அவர் அதிகம் ஓடியதில்லை. கணவர் ஜாக், நியூயார்க்கைச் சுற்றிப் பார்த்த மாதிரியும் இருக்குமே என்று சம்மதிக்க வைத்தார். கிலோமீட்டரில் பழகியவருக்கு வழியில் வைத்திருந்த மைல் பலகைகள் எதையும் சொல்லவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் என்றே தெரியாமல், தொடைகள் இழுத்துப் பிடிக்க, ஓடிக்கொண்டே இருந்தார். முயல் விலகவில்லை. 2 மணி 32 நிமிடம் 30 வினாடி. பெண்களின் உலகச் சாதனையைவிட 2 நிமிடத்துக்கும் மேல் குறைவு! எல்லைக்கோட்டைத் தாண்டியதும் காலணிகளைக் கழற்றி ஜாக் மீது வீசினார், இனி இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்யவே மாட்டேன் என்று.

காலணி வீசிய கதையை எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். கணவர் வற்புறுத்தியிராவிட்டால் இப்படி ஒரு வீராங்கனை கிடைத்திருப்பாரா என்று முடிக்கிறார்கள். எனக்கு அதில் சிரிக்க அதிகமில்லை. உலகின் மிகச் சிறந்த மராத்தான் ஓட்டக்காரர், தான் யார் என்பதே தெரியாமல் 25 வயது வரை தனக்குப் பொருந்தாத தூரங்களில் தோற்றுக்கொண்டிருந்தார். அவருடைய உடலுக்கு ஏற்ற தூரத்தை அவருக்கு யாரும் காட்டவில்லை. ஒரு கணவரின் ஊர் சுற்றும் ஆசையை நம்பியா ஒரு பெண்ணின் திறமை இருக்க வேண்டும்?

அதே நியூயார்க் போட்டிக்கு ஒரு முன்கதை உண்டு. 1972இல் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து தொடங்கக் கூடாது, 10 நிமிடம் முன்னதாகத் தனியாக ஓட வேண்டும் என்று விதி போட்டார்கள். துப்பாக்கி வெடித்ததும் 6 பெண்கள் கோட்டிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். 10 நிமிடம் கழித்து, ஆண்கள் புறப்படும்போது எழுந்து ஓடினார்கள். வைட்ஸ் ஓடிய சாலை அந்தப் பெண்கள் உட்கார்ந்து வாங்கியது.

1979இல் மறுபடி நியூயார்க் வந்தார். 2 மணி 27 நிமிடம் 33 வினாடி. இரண்டரை மணி நேரத்துக்குள் மராத்தானை முடித்த முதல் பெண் அவர்தான். அதன்பின் பெண்ணால் முடியாது என்று சொல்வது கொஞ்சம் சிரமமாகிவிட்டது. பல நாட்டுப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்ததன் பலனாக, 1981இல் சர்வதேச ஒலிம்பிக் குழு பெண்கள் மராத்தானை ஏற்றுக்கொண்டது. ஆண்கள் 1896இல் ஓடியதைப் பெண்கள் 1984இல் ஓடினார்கள். 88 ஆண்டுகள்!

லாஸ் ஏஞ்சலிஸில் வைட்ஸுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் தொடக்கத்திலேயே தனியாகப் பிரிந்து ஓடினார். வெயிலில் தளர்ந்துவிடுவார் என்று மற்றவர்கள் விட்டுவிட, அவர் தளரவே இல்லை. வைட்ஸுக்கு வெள்ளி. சுவிட்சர்லாந்தின் கப்ரியேலா ஆண்டர்சன் - ஷீஸ் வெப்பத்தில் தள்ளாடித் தள்ளாடி எல்லைக்கோட்டைத் தொட்டதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. இந்த முறை அதைக் காட்டி யாராலும் பந்தயத்தை நிறுத்த முடியவில்லை. நம் பி.டி.உஷா நூறில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலத்தை இழந்ததும் அதே ஒலிம்பிக்கில்தான். அவர் ஓடிய 400 மீட்டர் தடை ஓட்டமும் பெண்களுக்கு அந்த ஆண்டுதான் முதன்முறையாகத் திறந்தது. நாம் உஷாவின் அந்த நொடியை நினைவில் வைத்திருக்கிறோம். கதவு எத்தனை ஆண்டுகள் பூட்டியிருந்தது என்பதை மறந்துவிட்டோம்.

வைட்ஸின் கணக்கில் 1983 ஹெல்சிங்கி உலகப் போட்டியின் தங்கம் உண்டு. நாடுகடந்த ஓட்டத்தில் 5 முறை உலக வாகையர் பட்டம் உண்டு. இனி ஓட மாட்டேன் என்று சொன்ன நியூயார்க்கில் 1988 வரை 9 முறை வென்றார். ஆஸ்லோவின் பிஸ்லெட் மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 2011இல், 57 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

1992இல் அவர் நியூயார்க்கில் மீண்டும் ஒருமுறை ஓடினார். மூளைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த ஃப்ரெட் லெபோ, தான் வளர்த்த பந்தயத்தை ஒரு தடவை முழுதாக ஓடிவிட ஆசைப்பட்டார். வைட்ஸ் தன் வேகத்தை மறந்து அவர் பக்கத்திலேயே ஓடினார். இருவரும் சேர்ந்து முடிக்க 5 மணி 32 நிமிடம் ஆனது.