பாகுபடுத்தி: சிறுமொழிகளும் தமிழ்த் தொடரமைப்பும்

பாகுபடுத்தி என்பது, ஒரு மொழியில் எழுதிய வரியை அதன் இலக்கண விதிகளின்படி பிரித்து, கணினி கையாளக்கூடிய மரவடிவில் அடுக்கித் தரும் நிரல். அதற்கு முன்பே சொற்பிரிப்பான் எழுத்துகளைச் சொல், எண், குறி எனக் கூறாக்கிவிடும். 2 + 3 * 4 என்ற கோவையில் பெருக்கலைக் கூட்டலின் கிளையாக வைத்தால் விடை 14. வந்த வரிசையிலேயே கணித்தால் 20. பொருள் அடுக்குமுறையில் தங்கியிருப்பதால், சிறிய நிரலாக்க மொழியாகிய சிறுமொழி ஒன்றை ஆக்குபவரின் முதற்பணி அதன் இலக்கணத்தை வரையறுப்பதே.

1960இல் வெளிவந்த அல்கோல் 60 அறிக்கை, ஜான் பேக்கஸ் வகுத்த குறியீட்டில் ஒரு நிரலாக்க மொழியின் இலக்கணத்தை முறையாக எழுதிக் காட்டியது. விதிக்கு ஒரு செயற்கூறாக எழுதி, அவை ஒன்றையொன்று அழைக்கவிடும் எளிய முறை அந்தப் பத்தாண்டிலேயே வழக்குக்கு வந்தது. 1965இல் டொனால்ட் குனூத் இடமிருந்து வலமாகப் படித்து விதிகளை ஒடுக்கும் முறைக்குக் கோட்பாடு தந்தார். 1970களில் ஸ்டீபன் ஜோன்சனின் யாக், விதிகளைக் கொடுத்தால் பாகுபடுத்தியைத் தானே ஆக்கித் தந்தது. ஆயினும் சிறுமொழிகளுக்குக் கையால் எழுதும் முறையே இன்றும் பெரிதும் பயன்படுகிறது.

தமிழில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, முத்தையா அண்ணாமலை பைத்தான் மொழியில் ஆக்கி 2009இல் கட்டுரையாக விளக்கிய எழில் என்னும் நிரலாக்க மொழி. ஆங்கிலச் சொற்களுக்குப் பதில் தமிழ்ச் சொற்களை இட்டால் போதாதா, பாகுபடுத்திக்கு அதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆங்கிலவழி மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னே வருவதால், முதற்கூறே வாக்கிய வகையைக் காட்டிவிடும். தமிழில் ‘ஆனால்’, ‘வரை’ என்பன நிபந்தனைக்குப் பின்னே வருவன. எழில் இந்த வரிசையைக் காத்து, @( எண் > 0 ) ஆனால் என எழுதவைக்கிறது: @ குறி நிபந்தனை வருவதை முன்னறிவிக்க, கோவையைப் படித்து முடித்தபின் வரும் சொல் வகையைத் தீர்மானிக்கிறது. கோவையை முதலில் படித்து அடுத்த சொல்லைப் பார்த்தால் குறி இல்லாமலும் இயலும் என்பது உண்மையே. குறி இருப்பதால் பாகுபடுத்தி எளிதாகிறது. ஆனால் ‘பதிப்பி’, ‘பின்கொடு’ ஆகிய ஏவல்கள் அச்சிட வேண்டியதற்கும் திருப்பித் தரவேண்டியதற்கும் முன்னே நிற்கின்றன. அங்கே ஆங்கில வரிசையே தொடர்கிறது.

தமிழ் இலக்கண மரபு கணினிக்கு உதவாது என்பது இன்னொரு வாதம். அதை எடைபோட, அம்மரபின் இலக்கண நூலான தொல்காப்பியத்தைப் பார்க்கலாம். சுன்னாகத்தின் திருமகள் அழுத்தகம், புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை 1937இலும் சொல்லதிகாரத்தை 1938இலும் அச்சிட்டது. திணையும் பாலும் வினைமுடிபோடு இயையவேண்டும் எனச் சொல்லதிகாரம் விதிக்கிறது. இயற்கைமொழிக்குரிய அந்த விதிகளை அப்படியே நிரலாக்க முடியாது. அவற்றில் பொருள்மயக்கத்துக்கும் வழக்குக்கும் இடமுண்டு, சிறுமொழியிலோ ஒரு வரிக்கு ஒரே பொருள்தான் இருக்கவேண்டும். எனினும் எச்சொல்லை எச்சொல் முடிக்கிறது என்று வரையறுக்கும் பயிற்சி இரண்டுக்கும் பொது. தமிழ்ச் சிறுமொழியின் தமிழ்த்தன்மையை முடிவுசெய்வது சொற்பட்டியல் அன்று, இலக்கண விதிகளின் வரிசையே.