கச்சான் காற்றும் ஈழத்து வாளெஃகும்

ஊவாத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு ஆடிக் காற்றின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேற்கு மலைகளில் மழையைச் சொரிந்த தென்மேற்குப் பருவக்காற்று, வறண்ட கச்சானாகிப் பதுளைப் பக்கம் இறங்கும். கொழுந்தை வாட்டும் இப்பருவக்காற்றே ஒருகாலத்தில் வாளெஃகு ஆக்க உதவிற்று என்பது பலரும் அறியாதது.

அப்புத்தளைச் சரிவுக்குத் தெற்கே, ஊவா எல்லையை அடுத்துள்ளது சமனலவெவ. அங்கு நீர்த்தேக்கம் எழுமுன் ஆராய்ந்த கில் ஜூலெஃப் அம்மையார், காற்றை எதிர்நோக்கிய மேற்குச் சரிவுகளில் 77 இரும்புருக்கு உலைக்களங்களைக் கண்டார். அவற்றின் காலம் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. ஆங்குத் துருத்தி இல்லை. காற்று உலையின் முன்சுவர் விளிம்பைத் தாவுங்கால் உள்ளே அழுத்தம் குறையும். அடியிலுள்ள சுடுமண் குழாய்களூடே புறக்காற்று தானே புகும். 1994இல் அவ்வாறே உலை கட்டிச் சோதித்தபோது இரும்புடன் கரிச்சத்து மிக்க எஃகும் கிடைத்தது. காற்றை நம்பியது பேதைமை எனக் கருதிய அறிஞர் வாய் அடங்கிற்று.

இவ்வெஃகு கடல் கடந்தும் சென்றிருத்தல் வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல் கிந்தி, சரந்தீபு எஃகால் ஆய வாள்களைத் தனியே வகுத்துள்ளார். சரந்தீபு என்பது ஈழமே.

எஃகு ஆக்க வேறு வழியும் இருந்தது. இரும்புத் துண்டுகளை மரச்சிராயுடன் மண்மூசையில் அடைத்துக் காய்ச்சுவர். தமிழகத்தார் ஆவாரஞ் சிராயை இட்டனர். இம்மூசை எஃகை மிதமான சூட்டில் அடித்தால் அலகில் நீரோட்டம் போன்ற வரிகள் தோன்றும். சூடு மிகின் அவை மறையும். டமாஸ்கஸ் வாளின் புகழுக்கு இவ்வரிகளே காரணம். யப்பானியர் நெறி முற்றிலும் வேறு. இரும்பு மணலை உருக்கிப் பெற்ற எஃகை மடித்து மடித்து அடிப்பர். முதுகில் தடிப்பாகவும் வாயில் மெல்லிதாகவும் களிமண் பூசி நீரில் தோய்ப்பர். முன்னையதில் மூசையே பெரும்பணி முடித்துவிடும், பின்னையதில் சம்மட்டி.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனந்த குமாரசுவாமி பலாங்கொடைப் பகுதியில் மூசைத் தொழிலைக் கண்டு எழுதியபோது, அதனை அறிந்த முதியோர் சிலரே எஞ்சியிருந்தனர். மலிந்த ஐரோப்பிய இரும்பு உலைகளை அவித்துவிட்டது. அதற்கு முன்னரே சிங்கமுகப் பிடியமைந்த 'கஸ்தான' வாள்கள் பலவற்றில் ஐரோப்பிய அலகே பொருத்தப்பட்டிருந்தது. சமனலவெவ உலைக்களங்கள் சிலவும் இன்று நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கின்றன.