கணினி வலையமைப்பில் ஒலி

ஒரு கணினியில் இயங்கும் நிரலின் ஒலியை வேறொரு கணினியின் ஸ்பீக்கரில் கேட்கச் செய்வதும், தொலைவிலுள்ள மைக்கில் விழும் ஒலியை இங்கிருந்தபடியே பதிவு செய்வதும் வலையமைப்பு ஒலி எனப்படும். இணைய வானொலி, இணையவழித் தொலைபேசி, காணொளிக் கூட்டம், பெரிய அரங்குகளின் ஒலியமைப்பு ஆகியவை இதன் கிளைகள். இவை எல்லாவற்றிலும் பொறியாளர்களை அதிகம் வாட்டுவது கம்பியின் கொள்ளளவைவிட நேரமே. குறுந்தகட்டின் தரமுள்ள ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்கு 14,11,200 பிட் போதும். இன்றைய வீட்டு இணைப்புக்கு அது பெரிய சுமையே இல்லை. ஆனால் கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது ஒரு துண்டு அரை நொடி பிந்தி வந்தாலும் குறையில்லை. ஒலியிலோ தன் முறை தாண்டி வந்த துண்டைத் தூக்கி எறியத்தான் வேண்டும்.

தொடக்கம்

பேச்சைப் பொதிகளாக வெட்டி அனுப்பும் முயற்சி இணையத்தைவிட மூத்தது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் டேனி கோஹன் 1973இல் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டுக்காக வகுத்த வலையமைப்புக் குரல் நெறிமுறை, 1977இல் ஆர்எஃப்சி என்னும் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 741ஆவதாக வெளிவந்தது. 1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியியல் பணிக்குழுக் கூட்டத்தின் ஒலி, மூன்று கண்டங்களிலுள்ள 20 இடங்களுக்கு நேரலையாகச் சென்றது. அந்த அனுபவங்களிலிருந்து விளைந்த, நேரலை ஒலியைக் கொண்டுசெல்லும் ஆர்டிபி நெறிமுறை 1996இல் ஆர்எஃப்சி 1889 ஆகவும், திருத்தப்பட்டு 2003இல் ஆர்எஃப்சி 3550 ஆகவும் வெளியானது. இணையவழிப் பேச்சில் பெரும்பகுதி இன்றும் இதன்மீதுதான் ஓடுகிறது.

ஒலி சர்வர்கள்

அலுவலக வலையமைப்பில் சிக்கல் வேறு வழியாக வந்தது. 1990களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் எக்ஸ் டெர்மினல்கள் பரவலாக இருந்தன. அவற்றில் திரை, விசைப்பலகை, சுட்டி மட்டுமே உண்டு. நிரல்கள் வேறோர் அறையிலுள்ள யூனிக்ஸ் கணினியில் இயங்கின. எக்ஸ் விண்டோ அமைப்பு படத்தை வலையமைப்பு வழியே கொண்டுவந்து சேர்த்தது. ஒலிக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. நிரல் எழுப்பிய மணியோசை ஆளில்லாத சர்வர் அறையில் ஒலித்தது, அல்லது எங்குமே ஒலிக்கவில்லை.

எக்ஸ் டெர்மினல்களைத் தயாரித்த நெட்வொர்க் கம்ப்யூட்டிங் டிவைசஸ் நிறுவனம் இதற்காக உருவாக்கியதுதான் நெட்வொர்க் ஆடியோ சிஸ்டம். டெக் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம் ஆடியோஃபைல் என்ற அமைப்பை அதே காலத்தில் வெளியிட்டது. இரண்டும் ஒரே கருத்தில் எழுந்தவை: ஸ்பீக்கரும் மைக்கும் உள்ள கணினியில் ஒரு சர்வர் காத்திருக்கும், நிரல் எங்கே இயங்கினாலும் அந்த சர்வரைத் தொடர்புகொண்டு ஒலியைக் கொடுக்கும், அல்லது கேட்டு வாங்கும். பல நிரல்கள் ஒரே ஒலி அட்டைக்குப் போட்டியிடும்போது எல்லாவற்றையும் கலந்து கொடுப்பதும் சர்வரின் வேலை.

லினக்ஸ் உலகில் க்னோம் சூழலுக்கு ஈசவுண்டும் கேடிஈ சூழலுக்கு ஆர்ட்ஸும் இந்தப் பணியைச் செய்தன. ஈசவுண்ட் கலந்து கொடுத்ததே தவிர, ஒலியின் ஒரு துண்டு எந்தக் கணத்தில் ஸ்பீக்கரை அடைகிறது என்பதை நிரலுக்குச் சரியாகச் சொல்லவில்லை. அதனால் படத்தில் உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாகப் போகும். லெனார்ட் பூட்டரிங் 2004இல் தொடங்கிய பல்ஸ்ஆடியோ அந்தக் குறையைப் போக்கும் நோக்கம் கொண்டது. 2007இல் ஃபெடோரா 8 என்ற லினக்ஸ் வெளியீடு அதை இயல்பான ஒலி அமைப்பாக ஏற்றது. பல்ஸ்ஆடியோவில் தொலைக் கணினியின் ஸ்பீக்கர் உள்ளூர் ஸ்பீக்கரைப் போலவே பட்டியலில் தோன்றும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மடிக்கணினியிலிருந்து கூடத்துக் கணினிக்கு மாற்றிவிடலாம். பாட்டு போடும் நிரலுக்கு அது தெரியவே தெரியாது. இந்த அமைப்பின் ஆகச் சிறந்த வசதி இதுதான் என்பேன். விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர், 2021இல் ஃபெடோரா 34 முதல் பல்ஸ்ஆடியோவின் இடத்தைப் பிடித்தது. பழைய நிரல்கள் திணறாமலிருக்க அது பல்ஸ்ஆடியோவின் மொழியையும் பேசுகிறது.

பொதியும் பஃபரும்

மைக்கில் விழும் அலை நொடிக்கு 48,000 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது; ஒவ்வொரு எண்ணையும் மாதிரி என்பார்கள். அந்த எண்கள் சிறு துண்டுகளாகப் பொதிகளில் ஏறுகின்றன. துண்டு எவ்வளவு நீளம் என்பதில்தான் எல்லாப் பேரமும் இருக்கிறது. 16 பிட் ஸ்டீரியோவில் 20 மில்லிநொடி ஒலி 3,840 பைட். ஈதர்நெட் பொதியின் 1,500 பைட் எல்லைக்குள் அது அடங்காது. 5 மில்லிநொடி என்றால் 960 பைட், அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு பொதிக்கும் ஐபி, யூடிபி, ஆர்டிபி மூன்றின் தலைப்புமாகச் சேர்ந்து 40 பைட் செலவு உண்டு. துண்டு சிறுத்தால் அந்தச் செலவு பெருகும். நீண்டால் தாமதம் கூடும்.

பொதிகள் சீரான இடைவெளியில் கிளம்பினாலும் சீராக வந்து சேர்வதில்லை. இந்த ஏற்ற இறக்கத்தை ஜிட்டர் என்பார்கள். பெறும் பக்கம் சில பொதிகளை பஃபரில் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஒலிக்கத் தொடங்குகிறது. வானொலியோ பாட்டோ கேட்பவருக்குப் பத்து நொடி பஃபர்கூடத் தொந்தரவில்லை. உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதனால்தான் பேச்சுக்கு, தொலைந்ததைத் திரும்பக் கேட்காத யூடிபி நெறிமுறை: டிசிபி நெறிமுறையிலோ, தொலைந்த பொதியை அது திரும்பக் கேட்டு வாங்கும்வரை பின்னால் வந்தவையெல்லாம் வரிசையில் நிற்கும். 2012இல் ஆர்எஃப்சி 6716 ஆக வெளிவந்த ஓபஸ் கோடெக், நொடிக்கு 6 கிலோபிட் முதல் 510 கிலோபிட் வரை பேச்சையும் இசையையும் சுருக்கும். தொலைந்த துண்டின் இடத்தை முன்பு வந்த ஒலியைக் கொண்டு ஊகித்து நிரப்பவும் அதற்கு வழியுண்டு.

இரண்டு கடிகாரங்கள்

அனுப்பும் கணினியின் 48,000மும் பெறும் கணினியின் 48,000மும் ஒன்றல்ல. ஒவ்வொரு ஒலி அட்டையும் தன் படிகத்தின் துடிப்பில் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் நூறு பங்கு வேறுபாடு இருந்தால், நொடிக்கு ஏறத்தாழ 5 மாதிரிகள் கூடும் அல்லது குறையும். ஒரு மணி நேரத்தில் அது 17,280 மாதிரிகள், அதாவது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சிறிய பஃபர் இதற்குள் வழிந்துவிடும், அல்லது வற்றிப்போய் டக்கென்று ஒரு வெட்டு கேட்கும். பஃபரின் நிலையைக் கவனித்து மாதிரி வீதத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைப்பது ஒரு தீர்வு. மென்பொருள் சர்வர்கள் இதைச் செய்கின்றன.

தொழில்முறை அரங்குகள் கடிகாரங்களையே ஒன்றாக்கிவிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனம் 2006இல் அறிமுகப்படுத்திய டான்டே என்ற அமைப்பில், ஒரு கருவி தலைமைக் கடிகாரமாக இருக்க, மற்றவை ஐஇஇஇ 1588 துல்லிய நேர நெறிமுறையால் அதோடு இசைந்துகொள்கின்றன. மேடைக்கும் மிக்ஸருக்கும் இடையே முன்பு ஓடிய தடித்த பல்கம்பி வடத்தின் இடத்தில் ஓர் ஈதர்நெட் கம்பி வந்துவிட்டது. கிகாபிட் இணைப்பு ஒன்றில் ஒவ்வொரு திசையிலும் 512 சேனல் போகும், தாமதம் வழக்கமாக 1 மில்லிநொடிதான். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான ஏஇஎஸ்67 தரநிலை 2013இல் வந்தது.

பதிவு செய்தல்

தொலைவில் ஒலிக்கச் செய்வதைவிடத் தொலைவிலிருந்து பதிவு செய்வது பின்தங்கியே வந்திருக்கிறது. விண்டோஸின் தொலைமேசை வசதியில் ஒலியைக் கேட்பது 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது. இங்குள்ள மைக்கை அங்குள்ள கணினிக்குக் கொடுப்பது 2009இல் விண்டோஸ் 7 வந்தபோதுதான் சாத்தியமானது. பல்ஸ்ஆடியோவில் இரண்டும் ஒரே வாசல் வழியேதான் நடக்கின்றன: டிசிபி போர்ட் 4713. அந்த வாசலைத் திறந்தால் பாட்டு உள்ளே போகலாம், வீட்டுப் பேச்சு வெளியே வரவும் செய்யலாம் என்பதை நிறுவுகிறவர் மறக்கக் கூடாது. அதனால் அது இயல்பாக மூடியே இருக்கிறது. திறந்தபின்பும் 256 பைட் நீளமுள்ள குக்கி என்னும் இரகசியக் கோப்பு இரு பக்கமும் ஒத்திருந்தால்தான் அனுமதி. யாரும் வரலாம் என்று இந்தச் சோதனையை நீக்கச் சொல்லும் குறுக்குவழிகளைப் பின்பற்றாதிருப்பதே நல்லது; ஒலி வீட்டுக்கு வெளியே போவதானால், மறையாக்கம் செய்யும் எஸ்எஸ்எச் சுரங்கம் வழியே அனுப்ப வேண்டும்.

தரமான நேர்காணல் தேவைப்படும்போது, வலையமைப்பு வழியே வந்த ஒலியைப் பதிவு செய்யாமல், இருவரும் அவரவர் கணினியில் தனித்தனியே பதிந்து பிறகு இணைப்பது ஒலிபரப்பாளர்களின் வழக்கம். வழியில் எத்தனை பொதி தொலைந்தாலும் பதிவு கெடாது.

சேர்ந்து பாடுதல்

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். காற்றில் ஒலி ஒரு மில்லிநொடியில் 34 சென்டிமீட்டர் போகிறது. மேடையில் எட்டு மீட்டர் தள்ளி நிற்பவர்கள் ஒருவரையொருவர் 23 மில்லிநொடி தாமதமாகக் கேட்டபடியே சேர்ந்து வாசிக்கிறார்கள். ஏறத்தாழ 25 மில்லிநொடியைத் தாண்டினால் தாளம் தள்ளாடத் தொடங்கும். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃப் குழுவினர் இருவரைத் தனித்தனி அறையில் அமர்த்திக் கைதட்டச் செய்து சோதித்தார்கள். தாமதம் கூடக்கூடத் தாளம் மெதுவானது. 10 மில்லிநொடியளவுக்கும் குறைந்தபோது வேகமெடுத்தது. அந்தக் குழுவின் ஜாக்ட்ரிப் மென்பொருள் ஒலியைச் சுருக்காமல் யூடிபி வழியே நேராக அனுப்பி, கிடைக்கிற ஒவ்வொரு மில்லிநொடியையும் மிச்சப்படுத்துகிறது.

தூரத்தை மட்டும் மென்பொருளால் குறைக்க முடியாது. ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ.; ஒளிக்கே 15 மில்லிநொடி ஆகும். லண்டன் 8,000 கி.மீ.க்கும் மேல், 40 மில்லிநொடிக்குக் குறையவே குறையாது.

அயலகத் தமிழ்க் குழந்தைகளுக்குச் சென்னையிலிருந்து நடக்கும் கர்நாடக இசை வகுப்புகளில் இந்தக் கணக்கு தினமும் தெரிகிறது. போக 100, வர 100 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால், ஆசிரியர் தாளம் போட்டுப் பாட, மாணவி கேட்டு உடன் பாட, அவள் குரல் ஆசிரியருக்கு 200 மில்லிநொடி பிந்தி எட்டும். நிமிடத்துக்கு 75 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் பாடினால் அது சரியாக ஒரு ஸ்வர அளவு. மாணவியிடம் பிழையே இல்லாதபோதும் அவள் பின்தங்குவதாகத் தோன்றும். இன்னொரு தொல்லையும் உண்டு. கூட்டச் செயலிகளின் இரைச்சல் நீக்கி, மின்விசிறி ஓசைபோல மாறாமல் நீளும் ஒலியை இரைச்சலாகக் கருதி அழிக்கும். தம்பூராவும் சுருதிப் பெட்டியும் அதில் அடிபட்டுப்போகும். இசைக்கான ஒலி அமைப்பைத் தேர்ந்து இரைச்சல் நீக்கத்தை அணைப்பதும், ஹெட்ஃபோன் அணிந்து எதிரொலி நீக்கிக்கு வேலையில்லாமல் செய்வதும், மாணவி தன் பக்கத்திலேயே சுருதியும் தாளமும் வைத்துக்கொண்டு ஆசிரியர் பாடி முடித்தபின் திருப்பிப் பாடுவதும் இப்போது பல வகுப்புகளில் கைக்கொள்ளப்படும் வழிகள்.