நற்கடைப்பிடியும் தாதியர் உழைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

புத்தளம் மாவட்டத்து உச்சமுனை, கற்பிட்டிக்கு வடக்கே களப்புக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மீனவர் நிலம். அங்கு நோயுறுபவர் வைத்தியசாலையை அடையப் படகேறிக் கற்பிட்டிக்கு வருதல் வேண்டும். காற்றும் கடலும் இடங்கொடாத நாளிற் சிகிச்சை பிந்துகின்றது. பிந்தியதன் சுமை, நோயாளியை ஏற்கும் தாதியின் மீதும் விழுகின்றது. அதே கரையோரத்தில், காற்றுச் சறுக்கு விளையாட்டை நாடிவரும் உல்லாசப் பயணிகளுக்கு யோகமும் தியானமும் விடுமுறைப் பண்டங்களாக விற்கப்படுகின்றன. இன்று அத்தியானமே தாதியரின் பணி நெருக்கீட்டுக்கும் மருந்தாக விதந்துரைக்கப்படுகின்றது. இம்மருந்து வந்த வழியை நோக்குதல் பயனுடைத்து.

பாளி மொழியிலே 'சதி' எனப்படுவது வடமொழி 'ஸ்மிருதி'யின் இனச்சொல். நினைவு என்பதே அதன் அடிப்படைப் பொருள். எண்வகை மார்க்கத்துள் இடம்பெறும் இதனைத் தமிழில் நற்கடைப்பிடி என்பர். கடைப்பிடி என்பதற்கு மறவாமை என்ற பொருளும் உண்டு. இலங்கைச் சிவில் சேவையிற் பணியாற்றிய ரைஸ் டேவிட்ஸ் 1881இல் இதனை 'மைண்ட்ஃபுல்னெஸ்' என ஆங்கிலப்படுத்தினார். நினைவு பின்னே சென்று கவனம் முன்னே வந்தது. மொழிபெயர்ப்பு எதுவும் சமூகச் சார்பற்றதன்று என்பதற்கு இஃதொரு சான்று.

1885இல் மேற்பர்மாவும் பிரித்தானியர் வசமாகிய பின்னர், லெடி சயாதோ முதலியோர் துறவியர்க்கே பெரிதும் உரியதாயிருந்த தியானத்தை இல்லறத்தாரிடையே பரப்பினர். குடியேற்றவாதத்தின் கீழ் ஒரு சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள மேற்கொண்ட கூட்டு முயற்சியாகவே அது தோன்றிற்று. மகாசி சயாதோவின் முறை 1950களில் இலங்கைக்கு வந்தது. 1956இல் கந்துபொட தியான நிலையம் தோன்றிற்று. 1979இல் ஜோன் கபட்-சின் அமெரிக்க மசசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பல வாரப் பயிற்சியாக இதனை வகுத்தார். அது நாட்பட்ட நோவுடைய நோயாளருக்காக வகுக்கப்பட்டதென்பது மனங்கொளத்தக்கது. நோயாளிக்கென எழுந்தது பின்னர் நோயாளியைப் பேணும் தொழிலாளிக்கு மாற்றப்பட்டது. மாற்றத்தின் முழு அரசியலும் இங்கேயே உள்ளது.

பயிற்சி பயனற்றதென நாம் கூறவில்லை. தாதியரிடையே நடந்த ஆய்வுகள் பல, அவர்கள் உணரும் நெருக்கீடு குறைவதைக் காட்டுகின்றன; எனினும் அவற்றுட் பல சிறியன, குறுங்காலத்தன. நாம் வினவுவது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வைத் தொழில்சார் தோற்றப்பாடு என்றே வரையறுத்தது, நோயென்று கூறவில்லை. அவ்வாறாயின் அதன் காரணங்களை வேலைநாளின் நீளத்திலும், இரவுக் கடமையிலும், ஆளணிக் குறைவிலும் முதலிற் தேடவேண்டும். வேலைநாள் பற்றிய போராட்டத்தை மார்க்ஸ் 1867இலேயே 'மூலதன'த்தில் விரித்தெழுதினார். தாதிக்கோ நேரத்துடன் பரிவும் கேட்கப்படுகின்றது. முகமலர்ச்சியும் உழைப்பின் பகுதியாவதை ஆர்லி ஹொக்சைல்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களைக்கொண்டு காட்டினார். 'சேவை' என்ற சொல் அவ்வுழைப்பை எவ்வளவு எளிதாக மறைத்துவிடுகின்றது!

இலங்கைத் தாதியர் 2022 பெப்ரவரி 7ஆம் திகதி ஏனைய சுகாதார ஊழியருடன் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அம்மாதத்திலேயே அரசு சுகாதார சேவையை அத்தியாவசிய சேவையாகப் பிரகடனஞ்செய்தது. அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடியையடுத்துச் சுகாதார ஊழியர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். எஞ்சியோரின் சுமை கூடிற்று. இந்நிலையில் எந்த வைத்தியசாலையிலேனும் எட்டு வாரப் பயிற்சி தொடங்கப்படுமாயின், அது கடமை நேரத்துக்குள் நடைபெறுமா, தாதியின் ஓய்வு நாளை விழுங்குமா, அவர் பயிற்சிக்குச் செல்லும்போது விடுதியில் அவரிடத்தில் நிற்பவர் யார் என்பவற்றைத் தாதியர் சங்கங்கள் முன்கூட்டியே கேட்டு எழுத்திற் பெறுதல் வேண்டும்.