தென்னாப்பிரிக்கா டூர் பட்ஜெட்: 1860 விலைவாசியில்

ஆபீஸ்ல நாங்க அஞ்சு பேர் சேர்ந்து தென்னாப்பிரிக்கா சஃபாரி போறதா ஒரு பிளான். க்ரூகர் காடு, ஜீப், சிங்கம், அப்படியே கேப் டவுன். டிக்கெட் இன்னும் போடலை, எக்செல் மட்டும் ரெடி. பிளைட், விசா, இன்சூரன்ஸ், சஃபாரி ஜீப்னு ஒவ்வொரு வரியா ஏத்தினதுல தலைக்கு ரெண்டரை லட்சத்துல வந்து நின்னுச்சு. ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதை எப்படிக் குறைக்கிறதுன்னுதான் யோசனை. :-)

ஆடி ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனப்ப (பெரியபாளையம்தான், பவானியம்மன் கோயில் கூட்டத்துல பஸ் நகரவே இல்லை) பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். அவர் பீரோவுலேர்ந்து தன்னோட பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக் காமிச்சார். 80-கள்ல துபாய் வேலைக்குப் போக எடுத்தது. எல்லா நாட்டுக்கும் செல்லும், தென்னாப்பிரிக்கா தவிரன்னு அதுல போட்டிருக்கு! இந்தியர்களை நடத்துற விதத்தைக் கண்டிச்சு 1946-லேயே அந்த நாட்டோட வியாபாரத்தை இந்தியா நிறுத்திடுச்சு. தூதரக உறவு திரும்ப வந்தது 1993-லதான்.

"எங்க காலத்துல காசு இருந்தாலும் போக முடியாது. அதுக்கும் முன்னாடி காசே இல்லாம போனாங்கடா"ன்னார் பெரியப்பா.

அந்தக் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து படிக்க வெச்சுது.

1860 அக்டோபர்ல ட்ரூரோங்கிற கப்பல் சென்னையிலேர்ந்து 342 பேரோட கிளம்புச்சு. ஐந்து வாரம் கழிச்சு, நவம்பர் 16 அன்னிக்கு டர்பன் போய்ச் சேர்ந்துச்சு. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள். அன்னிக்குத் தொடங்கி 1911 வரைக்கும் இப்படிப் போனவங்க 1,52,184 பேர். பெரும்பாலானவங்க சென்னை மாகாணம். வட ஆற்காடு, செங்கல்பட்டு ஜில்லா ஆளுங்க நிறைய. நம்ம திருவள்ளூர் பக்கமெல்லாம் அப்போ செங்கல்பட்டு ஜில்லாதான்.

அவங்க பட்ஜெட் என்ன? கப்பல் டிக்கெட் இலவசம். தங்க இடம், அரிசி, பருப்பு, உப்பு, மருந்து எல்லாம் இலவசம்னு ஒப்பந்தம் சொல்லுது. சம்பளம் முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங். வருஷா வருஷம் ஒரு ஷில்லிங் ஏறும். ஐந்து வருஷ ஒப்பந்தத்தை எக்செல்ல போட்டுப் பார்த்தேன். மொத்தம் 720 ஷில்லிங், அதாவது 36 பவுண்டு. பத்து வருஷம் இருந்தா திரும்பி வரவும் இலவச டிக்கெட். இன்னிக்கு எந்த டிராவல் ஏஜென்ட்டும் தராத பேக்கேஜ்!

ஆனா 1871-ல முதல் தொகுதி ஆளுங்க சென்னைக்குத் திரும்பி வந்து, சம்பளப் பாக்கியையும் பட்ட அடியையும் சொன்னாங்க. விசாரணைக் கமிஷன் வெச்சு, 1874-லதான் கப்பலை மறுபடி விட்டாங்க.

அடுத்த செலவு 1895-ல வந்துச்சு. ஒப்பந்தம் முடிஞ்ச இந்தியர்கள் அங்கேயே குடியிருக்கறது வெள்ளைக்காரங்களுக்குப் பிடிக்கலை. ஆளுக்கு வருஷம் 25 பவுண்டு வரி போடணும்னு கேட்டாங்க. வைஸ்ராய் எல்ஜின் 3 பவுண்டுக்கு ஒத்துக்கிட்டார். புதுசா வர்றவங்க ஒப்பந்தம் முடிஞ்சதும் ஊருக்குத் திரும்பணும், இல்லை மறுபடி கூலியா கையெழுத்துப் போடணும், ரெண்டும் இல்லைன்னா வரி. 1903-ல 16 வயசுப் பையனுக்கும் 13 வயசுப் பொண்ணுக்கும்கூட வரின்னு நீட்டினாங்க.

இப்ப கணக்குப் போடுங்க. ஐந்தாவது வருஷச் சம்பளமே மாசம் 14 ஷில்லிங். வருஷத்துக்கு 168. அப்பா, அம்மா, வளர்ந்த பையன், பொண்ணுன்னு நாலு பேருக்கு வரி 12 பவுண்டு, அதாவது 240 ஷில்லிங். வருஷம் பூரா அவர் வாங்கின கூலியை அப்படியே தூக்கிக் கொடுத்தாலும் 72 ஷில்லிங் துண்டு விழும். மனுஷனை மறுபடி கரும்புக் காட்டுக்குத் துரத்துறதுக்குன்னே போட்ட கணக்கு இது.

அதே 1895-ல பக்கத்து ஜூலுலாந்துல ஷ்லுஷ்லுவே, உம்ஃபோலோசி காடுகளை சரணாலயமா அறிவிச்சாங்க. வெள்ளைக் காண்டாமிருகம் தப்பிச்சது அந்தக் காட்டுலதான். நாங்க பார்க்கப் போற க்ரூகர்ல அந்த இனமே அழிஞ்சு போய், 1961-லேர்ந்து இங்கேருந்துதான் கொண்டு போய் விட்டாங்க. காண்டாமிருகத்துக்கு இடம் ஒதுக்கினது நல்ல காரியம்தான். அதே வருஷம் பக்கத்துலயே மனுஷன் இருக்கறதுக்கு வரி போட்டாங்கங்கிறதுதான் உறுத்துது.

1913-ல காந்தி கூப்பிட்டப்ப, ட்ரான்ஸ்வால்லேர்ந்து தமிழ்ப் பெண்கள் நியூகாசில் வந்து, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைச்சாங்க. தில்லையாடி வள்ளியம்மை ஜெயில்லேர்ந்து காய்ச்சலோட வெளிய வந்து, 1914 பிப்ரவரி 22-ல செத்துப் போனாங்க. 16 வயசு. அந்த வருஷமே 3 பவுண்டு வரி ஒழிஞ்சுது.

கப்பல் பதிவேடுகள் இன்னும் இருக்கு. பேர், அப்பா பேர், வயசு, ஜாதி, ஜில்லா, ஊர், உடம்புல இருக்கற தழும்புன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி. அவங்க கட்டின மாரியம்மன் கோயில்களும் டர்பன் பக்கம் இருக்கு. இஸிபிங்கோ மாரியம்மனுக்கு புனித வெள்ளி அன்னிக்கு ஆயிரக்கணக்குல கூட்டம் வரும்.

எக்செல்ல ஒரு வரி கூடியிருக்கு: டர்பன், ரெண்டு நாள். மத்த நாலு பேர் "பட்ஜெட் ஏறுதேடா"ங்கறாங்க. ஏறட்டும், கேப் டவுன்ல ரெண்டு நாள் குறைச்சுக்கலாம்.