கறுப்பினத் திகில் படங்கள் (அமெரிக்கா, 1970கள்)

1972 முதல் 1976 வரை அமெரிக்காவில் கறுப்பின நடிகர்களை முன்னிறுத்தி, கறுப்பினப் பார்வையாளர்களுக்கென்றே குறைந்த செலவில் எடுக்கப்பட்ட திகில் படங்கள் திரைப்பட வரலாற்றில் தனி வகையாக வைத்துப் பேசப்படுகின்றன. ‘பிளாக்குலா’ (1972), ‘கஞ்சா அண்ட் ஹெஸ்’ (1973), ‘சுகர் ஹில்’ (1974), ‘ஆபி’ (1974), ‘டாக்டர் பிளாக், மிஸ்டர் ஹைட்’ (1976) ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. பெரும்பாலான படங்களுக்குப் பணம் போட்டவர்கள் வெள்ளையர்கள். சீக்கிரம் எடுத்துச் சீக்கிரம் வசூலிப்பதே அவர்களது கணக்கு. அந்தக் கணக்குக்குள் நின்றபடியே சில நடிகர்களும் இயக்குநர்களும் அடிமை வணிகத்தின் நினைவைத் திகில் கதைக்குள் கொண்டுவந்தார்கள். இந்தப் படங்களின் பெருமை அதில்தான் இருக்கிறது.

முன்வரலாறு

ஹாலிவுட் திகில் படங்களில் கறுப்பினத்தவருக்கு நெடுங்காலம் இரண்டே வேடங்கள் இருந்தன: பயமுறுத்தும் காட்டுவாசி, பயந்து நடுங்கும் வேலைக்காரன். 1915 முதல் 1934 வரை ஹெய்ட்டி நாடு அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில்தான் அந்நாட்டு மக்களின் ‘வோடூ’ சமயமும் ‘ஜாம்பி’ நம்பிக்கையும் பயணக் கதைகளாக அமெரிக்காவை எட்டின. 1932இல் வந்த ‘ஒயிட் ஜாம்பி’ அவற்றைத் திரைக்குக் கொண்டுவந்தது. செத்த பிறகும் கரும்புத் தோட்டத்தில் உழைக்க வேண்டியிருக்குமோ என்பது ஹெய்ட்டி அடிமைகளின் அச்சம். ஜாம்பி நம்பிக்கையின் வேர் அதில் இருக்கிறது. ஹாலிவுட் அந்த வேரை வெட்டிவிட்டு, வெள்ளைக்காரப் பெண்ணுக்கு நேரும் ஆபத்தாக அதை மாற்றிக்கொண்டது. 1941இல் ‘கிங் ஆஃப் தி ஜாம்பீஸ்’ படத்தில் நடித்த மேன்டன் மோர்லேண்ட் நகைச்சுவையில் தேர்ந்த கலைஞர். அவருக்குக் கிடைத்ததோ கண்ணை உருட்டி மிரளும் பணியாள் வேடம்.

இதற்கு விலக்காக, முழுவதும் கறுப்பின நடிகர்களே நடித்த ‘சன் ஆஃப் இங்காகி’ 1940இல் வெளிவந்தது. கதை எழுதி அதில் நடித்தவர் ஸ்பென்சர் வில்லியம்ஸ். கறுப்பினத் திகில் படங்களின் வரிசை பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்கப்படுகிறது.

1968 அக்டோபரில் ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ வந்தது. பென் என்ற நாயகனாக டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் நடித்தார். நடிப்புத் தேர்வில் சிறந்து நின்றதால் வேடம் அவருக்குக் கிடைத்தது. பாத்திரத்தின் நிறம் கதையில் எங்கும் பேசப்படவில்லை. இரவு முழுவதும் பிணங்களோடு போராடிப் பிழைத்த பென்னை, விடிந்ததும் துப்பாக்கியோடு வரும் வெள்ளையர் கூட்டம் பிணமென்று நினைத்துச் சுட்டுக் கொல்கிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஆறே மாதங்கள் ஆகியிருந்தன. அந்த முடிவைப் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பெயரும் வணிகமும்

1971இல் மெல்வின் வான் பீபிள்ஸ் தம் சொந்த முயற்சியில் எடுத்த ‘ஸ்வீட் ஸ்வீட்பேக்ஸ் பாடாஸ் சாங்’ போட்ட முதலைப் போலப் பல மடங்கு ஈட்டியது. அதே ஆண்டு கார்டன் பார்க்ஸ் இயக்கிய ‘ஷாஃப்ட்’ எம்.ஜி.எம். நிறுவனத்துக்குப் பெரும் வெற்றியைத் தந்தது. வெள்ளையர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துவிட, நகர மையத்துப் பெரிய திரையரங்குகள் காலியாகக் கிடந்த காலம் அது. அந்த இருக்கைகளை நிரப்பக் கறுப்பினப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தயாரிப்பாளர்கள் புரிந்துகொண்டார்கள். துப்பறியும் கதை, ரவுடிக் கதை, பழிவாங்கும் கதை என்று படங்கள் அடுத்தடுத்து வந்தன.

1972இல் கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் ஹாலிவுட் கிளைக்குத் தலைவராக இருந்த ஜூனியஸ் கிரிஃபின் இந்தப் படங்களைக் கண்டித்து ‘பிளாக்ஸ்பிளாய்டேஷன்’ என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். ‘கறுப்பினம்’, ‘சுரண்டல்’ என்ற இரண்டையும் ஒட்டவைத்த சொல் அது. போதைமருந்து விற்பவரையும் ரவுடியையும் நாயகராக்கிக் கறுப்பின இளைஞர்களின் காசைப் பிடுங்குகிறார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. மறுபுறம், வேலையில்லாமல் கிடந்த நூற்றுக்கணக்கான நடிகர்களுக்கும் தொழில்நுட்பக் கலைஞர்களுக்கும் முதன்முதலாகக் கதவு திறந்ததும் இந்தப் படங்களால்தான். இரண்டுமே உண்மை.

‘பிளாக்குலா’

குறைந்த செலவுப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் (ஏ.ஐ.பி.) இந்த அலைக்குள் திகிலைக் கொண்டுவந்தது. கறுப்பின டிராகுலா ஒருவன் என்ற எண்ணத்தோடு தொடங்கிய திரைக்கதையில் நாயகனுக்கு முதலில் வைத்த பெயர் ஆண்ட்ரூ பிரவுன். ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’ என்ற நகைச்சுவைத் தொடரில் கறுப்பினத்தவரைக் கோமாளியாகக் காட்டிய பாத்திரத்தின் பெயரும் இதுவே. அந்தத் தொடர் 1951இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் ‘சன் ஆஃப் இங்காகி’யை எழுதிய அதே ஸ்பென்சர் வில்லியம்ஸ். ஒரு தலைமுறைக் கலைஞர்கள் தொழிலுக்காகக் கொடுத்த விலை அது.

நாயகனாக ஒப்பந்தமான வில்லியம் மார்ஷல் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஊறியவர். ஒத்தெல்லோவாகப் பலமுறை மேடையேறியவர். அந்தப் பெயரை அவர் ஏற்கவில்லை. நாயகன் ஆப்பிரிக்க இளவரசனாக இருக்க வேண்டும், கதை அடிமை வணிகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று வாதாடித் திரைக்கதையை மாற்றவைத்தார். இளவரசன் மாமுவால்டே இப்படித்தான் உருவானான். இயக்குநர் வில்லியம் கிரெய்ன் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்த கறுப்பின இளைஞர்.

படம் 1780இல், டிரான்சில்வேனியக் கோட்டையின் விருந்து மேசையில் தொடங்குகிறது. அடிமை வணிகத்தை நிறுத்த உதவி கேட்டு மாமுவால்டே தன் மனைவி லூவாவோடு வந்திருக்கிறான். அதே மேசையில் உட்கார்ந்தபடி டிராகுலா பிரபு அடிமை முறைக்கு ஞாயம் பேசுகிறான்; லூவாவை விலைபேசக்கூடிய பொருளைப் போலப் பார்க்கிறான். மாமுவால்டே சினந்து எழுகிறான். அவனைக் கடித்து இரத்தக் காட்டேரியாக்கும் பிரபு, கூடவே தன் பெயரைத் திரித்து ‘பிளாக்குலா’ என்ற பெயரையும் சாபமாகச் சூட்டுகிறான். பிறகு சவப்பெட்டியில் பூட்டுகிறான்; லூவா அதன் பக்கத்திலேயே அடைபட்டுச் சாகிறாள். கப்பலில் வந்திறங்கியவனின் பெயரைப் பிடுங்கிவிட்டு எஜமானன் தன் பெயரை வைப்பது அமெரிக்க அடிமை முறையின் அன்றாட வழக்கம். சுவரொட்டியில் பார்வையாளரை இழுத்த அந்த வேடிக்கைப் பெயர், படத்துக்குள் ஒரு அடிமைப் பெயராக ஒலிக்கிறது.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்குப் பின் லாஸ் ஏஞ்சலஸில் விழித்தெழும் அவன், லூவாவின் சாயலில் டீனாவைக் காண்கிறான். இறுதியில் அவளை இழந்ததும், யாரும் தன்னைக் கொல்லக் காத்திராமல், தானே படியேறி வெயிலுக்குள் நடந்து மடிகிறான். மார்ஷலின் கனத்த குரலும் நிமிர்ந்த நடையும் அந்தச் சாவுக்கு ஓர் அரசனின் கண்ணியத்தைக் கொடுத்தன. படம் நன்றாக ஓடியது. மறு ஆண்டே பாம் கிரியர் உடன் நடிக்க ‘ஸ்கிரீம் பிளாக்குலா ஸ்கிரீம்’ வந்தது.

‘சுகர் ஹில்’

பால் மஸ்லான்ஸ்கி இயக்கிய இப்படத்தில் மார்கி பே நாயகி. காதலனை வெள்ளைக்கார ரவுடிகள் அடித்துக் கொன்றுவிட, அவள் ஒரு முதிய வோடூ பூசாரிப் பெண்ணின் துணையோடு சாவின் தலைவனான பாரன் சமேடியிடம் முறையிடுகிறாள். அவன் ஏவும் பட்டாளம் சதுப்புநில மண்ணைப் பிளந்துகொண்டு எழுகிறது. உடம்பெல்லாம் ஒட்டடை, கண்கள் வெள்ளிக் குண்டுகளைப் போல. உற்றுப் பார்த்தால் மணிக்கட்டுகளில் துருவேறிய விலங்குகள் தெரிகின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, நோயில் செத்து, அங்கேயே புதைக்கப்பட்ட அடிமைகள் அவர்கள். ‘ஒயிட் ஜாம்பி’ பிடுங்கிக்கொண்டதை இந்தப் படம் திருப்பி எடுத்தது: ஜாம்பி மறுபடியும் அடிமையானான், இந்த முறை எஜமானர்களைத் தேடி வந்தான்.

மருத்துவமும் கறுப்பின உடலும்

1972 ஜூலையில் டஸ்கீகி ஆய்வு வெளிச்சத்துக்கு வந்தது. 1932 முதல் நாற்பது ஆண்டுகள், அலபாமா மாநிலத்தில் மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலேயே நோய் முற்றுவதை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை கவனித்து வந்திருந்தது. திகில் படங்களில் வழக்கமாக வரும் பித்துப் பிடித்த விஞ்ஞானிக்கு அதன்பின் வேறு பொருள் வந்துவிட்டது. ‘பிளாக்கன்ஸ்டைன்’ (1973) வியட்நாம் போரில் கைகால் இழந்த வீரன் ஒருவன் சோதனைக்கு ஆளாகி அரக்கனாவதைச் சொல்கிறது. படமாக்கம் மோசம், கரு கனமானது. கிரெய்ன் இயக்கிய ‘டாக்டர் பிளாக், மிஸ்டர் ஹைட்’ படத்தில் பெர்னி கேசி ஏற்ற மருத்துவர், லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். தன் மருந்தைத் தன் உடம்பிலேயே சோதிக்கும்போது அவர் வெளிறிய வெள்ளை அரக்கனாகிறார். 1965இல் பெரும் கலவரம் கண்ட அதே வாட்ஸில், அதன் புகழ்பெற்ற கோபுரங்களின் மேல் போலீஸ் துப்பாக்கிகளுக்கு முன் கதை முடிகிறது.

‘ஆபி’

வில்லியம் கெர்ட்லர் லூயிவில் நகரில் எடுத்த ‘ஆபி’யில் போதகர் ஒருவரின் மனைவியைப் பேய் பிடிக்கிறது, அதை ஓட்டும் பாதிரியாராக மீண்டும் மார்ஷல். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தின் நகல் என்று வார்னர் பிரதர்ஸ் வழக்குத் தொடுக்க, நல்ல வசூலில் இருந்தபோதே படம் அரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. இங்கே பேயாக வருவது நைஜீரிய யொரூபா மக்கள் வணங்கும் எஷு. ஒரு மக்களின் தெய்வத்தைக் காமப் பேயாகச் சுருக்கிய இந்தப் படம், பழைய காட்டுவாசிப் படங்களின் பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதையும் காட்டுகிறது.

‘கஞ்சா அண்ட் ஹெஸ்’

‘பிளாக்குலா’வின் வெற்றியைக் கண்ட கெல்லி-ஜோர்டன் நிறுவனம் நாடகாசிரியரும் நடிகருமான பில் கன்னிடம் அதுபோல ஒரு காட்டேரிப் படம் கேட்டது. செலவு சுமார் 3,50,000 டாலர். கன் அந்தப் பணத்தைக் கொண்டு வேறொரு படத்தை எடுத்தார். மானிடவியலாளர் ஹெஸ் ஒரு பழங்கால ஆப்பிரிக்கக் கத்தியால் குத்தப்பட்டு, சாவில்லாமலும் இரத்த வேட்கையோடும் வாழ்கிறார். காணாமல்போன கணவனைத் தேடி வரும் கஞ்சா அவரது வாழ்வில் நுழைகிறாள். காட்டேரி என்ற சொல்லே படத்தில் வராது. போதைப் பழக்கம், தேவாலயம், ஆப்பிரிக்க நினைவு, செல்வத்தில் வாழும் கறுப்பினத்தவரின் தனிமை எல்லாம் அந்த இரத்தத்தில் கலந்திருக்கின்றன. ஹெஸ்ஸாக நடித்தவர் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தின் டுவேன் ஜோன்ஸ். கஞ்சாவாக மார்லீன் கிளார்க்.

1973இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் படம் திரையிடப்பட்டது. சொந்த நாட்டில் அதற்கு வரவேற்பில்லை. அமெரிக்காவின் வெள்ளை விமர்சகர்கள் படத்தைப் பார்த்த விதத்தைக் கண்டித்து கன் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். படத்தின் உரிமை கைமாறியது. வாங்கியவர்கள் பெரும் பகுதியை வெட்டி, சாதாரணக் காட்டேரிப் படமாகத் தைத்து, ‘பிளட் கப்பிள்’ முதலிய பெயர்களில் ஓட்டினார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்த பிரதியால்தான் கன்னின் படம் பிழைத்தது.

சித்திரிப்பு: கிடைத்ததும் விடுபட்டதும்

இந்தப் படங்களில் கறுப்பின மருத்துவர், பேராசிரியர், இளவரசன், பாதிரியார் எல்லோரும் வந்தார்கள். அறிவும் ஆசையும் துயரமும் உள்ள மனிதர்களாக வந்தார்கள். கூடவே பழைய வசைகளும் வந்தன. பெண்ணுடல் பல இடங்களில் விற்பனைச் சரக்காகவே இருக்கிறது. ‘பிளாக்குலா’வின் ஒருபாலீர்ப்பு இணையர் கேலிப் பொருளாகி முதல் பலியாகிறார்கள். ஆய்வாளர் ராபின் மீன்ஸ் கோல்மன் 2011இல் வெளிவந்த ‘ஹாரர் நோயர்’ நூலில், கறுப்பினத்தவர் இடம்பெறும் திகில் படங்களையும் கறுப்பினத்தவரின் வாழ்விலிருந்து பிறந்த திகில் படங்களையும் வேறுபடுத்துகிறார். அந்த எல்லைக்கோட்டை எழுபதுகளின் படங்களுக்கு இடையே போட முடியாது. ஒவ்வொரு படத்துக்குள்ளும்தான் போட வேண்டும்.

முடிவும் தொடர்ச்சியும்

1975க்குப் பின் பெரிய நிறுவனங்கள் எல்லா இனத்தவரையும் ஒருசேர இழுக்கும் பிரம்மாண்டப் படங்களுக்கு மாறின. கறுப்பினப் பார்வையாளரைத் தனியே தேடிப்போக வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லாமல் போயிற்று, அலை ஓய்ந்தது. ரஸ்டி கண்டீஃபின் ‘டேல்ஸ் ஃப்ரம் தி ஹுட்’ (1995) அந்த இழையை மீண்டும் கையிலெடுத்தது. ஜோர்டன் பீலின் ‘கெட் அவுட்’ (2017) சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. 2025இல் ரையன் கூக்ளரின் ‘சின்னர்ஸ்’ 1932ஆம் ஆண்டு மிசிசிப்பியில் காட்டேரிகளை உலவவிட்டது.

பில் கன் 1989இல் காலமானார். ஸ்பைக் லீ 2014இல் அவரது ‘கஞ்சா அண்ட் ஹெஸ்’ படத்தை மறுஆக்கம் செய்தார். சீரமைக்கப்பட்ட மூலப் படம் இன்று முழு நீளத்தோடு, கன் வைத்த பெயரிலேயே திரையிடப்படுகிறது. பெயரை இழந்த ஓர் இளவரசனோடு தொடங்கிய இந்த வரலாற்றில், தன் பெயரைத் திரும்பப் பெற்ற படம் அது.